பழைய டிராக்டர் வாங்குமுன்

நமது சங்கங்களின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் இப்போது அடிக்கடி நிறைவேறும் தீர்மானங்களுள் ஒன்று, பழைய டிராக்டர் ஒன்றையும் அதற்குரிய டிரெய்லர் ஒன்றையும் கிரயத்துக்கு வாங்குவது பற்றியதாகும். கரும்பும் வாழையும் பருத்தியும் பயிரிடும் அங்கத்தினர்களுக்கு, வாடகை வண்டிக்காரரின் தயவை எதிர்பாராமல் விளைபொருளைக் கொண்டு சேர்க்க ஒரு சாதனம் வேண்டியிருக்கிறது. நெசவாளர் சங்கங்களிலும், சாயச் சாலைக்கு விறகு ஏற்றவும் நூல் மூட்டைகளை இறக்கவும் சொந்த வண்டி ஒன்று இருந்தால் நலமாயிற்றே என்ற பேச்சு எழுகிறது. புதிய யந்திரத்தின் விலையோ சிறிய சங்கங்களை மலைக்கச் செய்கிறது. அரசின் மானியத் திட்டங்களும் பெரும்பாலும் புதிய யந்திரங்களையே மனத்திற் கொண்டவை. ஆகவே பழையதை நாடுவதில் தவறொன்றுமில்லை. அதைப் பார்வையிட்டு ஏற்கும் முறையிலேதான் பெருந்தவறு இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம்.

சங்கங்களின் பதிவேடுகளைப் பார்வையிடச் செல்லும்போது இத்தகைய கிரயக் கோப்புகள் பல நம் கைக்கு வருகின்றன. கோப்பில் மூன்று விலைப்புள்ளிகள் இருக்கும். நிர்வாகக் குழுவின் தீர்மான நகல் இருக்கும். யந்திரத்துக்கு முன்னே தலைவரும் இயக்குநர்களும் நிற்கும் புகைப்படமும் தவறாமல் இருக்கும். இவற்றுடன் ஒரு மெக்கானிக் கொடுத்த அரைப்பக்கச் சான்று: ‘இன்ஜின் நன்றாக உள்ளது, இழுவை நன்றாக உள்ளது, வாங்கத் தகுந்தது.’ அந்த மெக்கானிக்கை அழைத்து வந்தவர் யார் என்று விசாரித்தால், பெரும்பாலும் விற்பவரே. அல்லது விற்பவரிடமும் வாங்குபவரிடமும் தரகு பெறுபவர். இதையெல்லாம் நாம் குற்றமாகக் கூறவில்லை. விதிப்படி வேண்டிய தாள்கள் கோப்பில் இருக்கின்றன. ஆனால் ஒரு கேள்விக்கு அந்தத் தாள்கள் எதிலும் விடை இல்லை. பாரம் ஏற்றிய நிலையில் இந்த வண்டி நிற்குமா?

மாட்டுச் சந்தைக்குப் போய்வந்த அனுபவம் நம் விவசாய அங்கத்தினர்களுக்கு உண்டு. கண்ணபுரத்திலோ அந்தியூரிலோ ஒரு ஜோடிக் காளையை வாங்குகிறவர், கொம்பில் பூசிய வண்ணத்தையும் கழுத்தில் கட்டிய மணியையும் கண்டு பணத்தை எண்ணிக் கொடுத்துவிடுவதில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், சுழி பார்க்கிறார், குளம்பைத் தூக்கிப் பார்க்கிறார், நடக்க விட்டுப் பார்க்கிறார், கடைசியில் வண்டியிற் பூட்டி, பாரம் ஏற்றி, ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஓட்டிப் பார்த்த பிறகே துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிறார். இறக்கத்தில் நுகத்தைப் பின்னுக்குத் தாங்கி நிற்காத மாடு எவ்வளவு வேகமாக இழுத்தாலும் வண்டிமாடு ஆகாது என்பதை அவருக்கு யாரும் போதிக்க வேண்டியதில்லை. நெசவாளியும் அப்படியே; நூற்கட்டைப் பிரித்துச் சிட்டத்தை எடுத்து, இழையை இழுத்துப் பார்த்து, முறுக்கையும் எண்ணையும் சரிபார்த்தபின்தான் பாவுக்கு எடுக்கிறார். சொந்தக் காசில் இவ்வளவு கவனம் செலுத்துகிற அதே அங்கத்தினர்கள், எல்லோருடைய பங்குப்பணமும் சேர்ந்து ஒரு யந்திரமாக மாறும் நேரத்தில் மட்டும் அரைப்பக்கச் சான்றை நம்பிவிடுவது ஏன் என்பது நமக்கு விளங்கவில்லை.

இழுப்பதற்கும் நிறுத்துவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்காகவே பார்த்துவிடலாம். டிராக்டரின் எடை 2 டன் என்றும், டிரெய்லரும் அதில் ஏற்றிய கரும்பும் சேர்ந்து 7.5 டன் என்றும் கொள்வோம், மொத்தம் 9.5 டன். சமமான தார்ச் சாலையில் அந்த டிரெய்லரை உருட்டிச் செல்ல வேண்டிய இழுவிசை, அதன் எடையில் நூற்றுக்கு 2 பங்கு அளவே ஆகும். அதாவது சுமார் 150 கிலோ. மென்மண் வயலில் அது நூற்றுக்கு 10 பங்குக்கும் மேற்போகும். அப்போது 750 கிலோவுக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும். இருபதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் தார்ச் சாலைக் கணக்கோடு 375 கிலோ கூடும். இவற்றையெல்லாம் 40 குதிரைத் திறனுள்ள பழைய டிராக்டர் கீழ்க்கியரில் முனகிக்கொண்டாவது செய்துவிடும். பார்க்கிறவர்களும், ‘பார்த்தீரா இழுவையை!’ என்று மெச்சுவார்கள்.

இப்போது அதே வண்டியை மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது 10 மீட்டருக்குள் நிறுத்த வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடப் பிள்ளை ஒருவன் சைக்கிளோடு குறுக்கே வந்துவிட்டான் என்க. அதற்குச் சுமார் 1,500 கிலோ எதிர்விசை வேண்டும். சமதரையில் இழுக்கத் தேவைப்பட்டதைப் போலப் பத்து மடங்கு. இந்த விசை எங்கிருந்து வரும்? டிராக்டருக்குப் பிரேக் பின்சக்கரங்களில் மட்டுமே உண்டு. 2 டன் டிராக்டரில் பின் அச்சின் மீது அமரும் எடை ஏறத்தாழ 1,250 கிலோ. காய்ந்த சாலையில் டயர் பற்றக்கூடியது அதில் பத்துக்கு ஏழு பங்கு என்றால், பிரேக் புத்தம் புதிதாக இருந்தாலும் கிடைப்பது சுமார் 875 கிலோதான். அந்த விசையில் வண்டி நிற்க 17 மீட்டர் ஆகும். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரானால் 38 மீட்டர். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு காலை மிதிப்பதற்குள் ஒரு விநாடி கழிந்தால் மேலும் 8 மீட்டர். மழை பெய்த சாலையில் இவையெல்லாம் இன்னும் நீளும். இரு சக்கர டிரெய்லராயின் பாரத்தில் ஒரு பகுதி டிராக்டரின் பின்புறத்தில் அமர்ந்து சக்கரத்தின் பற்றுக்குச் சிறிது துணைசெய்யும். நாலு சக்கர டிரெய்லரில் அந்த உதவியும் இல்லை.

டிரெய்லருக்கே தனிப் பிரேக் இருந்தாலன்றி இந்தக் கணக்கு நேராகாது. நாம் பார்த்த பழைய டிரெய்லர்களில் பலவற்றில் பிரேக் என்பதே இல்லை; சிலவற்றில் ஒரு காலத்தில் இருந்ததற்கு அடையாளமாக அச்சின் மேல் துருப்பிடித்த டிரம்மும், எங்கும் இணையாமல் தொங்கும் கம்பியும் காணப்பட்டன. ‘அது எதற்குங்க, டிராக்டர் பிரேக்கே போதும்’ என்று விற்பவர் சொல்லும்போது நமது இயக்குநர்கள் தலையசைத்துவிடுகிறார்கள். அமெரிக்க நாட்டில் குடும்பத்தினர் ஏறிச் செல்லும் பெரிய ரகக் கார்களையே டிரெய்லர் இழுக்கப் பயன்படுத்தும் வழக்கம் பரவலாக உண்டு. அங்கே பல மாநிலங்களில் டிரெய்லரின் எடை 3,000 பவுண்டு, அதாவது சுமார் 1,360 கிலோவைத் தாண்டினால் அதற்குத் தனிப் பிரேக் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். பழைய கார் ஒன்றை இழுவைக்கென வாங்குகிற விவரமறிந்தவர், அது முன்பு எவ்வளவு பாரம் இழுத்தது என்று கேட்டுக் கியர்ப் பெட்டியின் எண்ணெயை எடுத்து முகர்ந்து பார்ப்பார்; தீய்ந்த வாடை வந்தால் அவ்விடத்தை விட்டு நகர்ந்துவிடுவார். ஒன்றரை டன்னுக்கே அங்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், ஏழு டன்னை இழுக்கப்போகும் நாம் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதை அங்கத்தினர்களே தீர்மானிப்பார்களாக.

ஆகையால் பார்வையிடச் செல்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிரேக்கையே. டிராக்டரில் வலச் சக்கரத்துக்கு ஒன்றும் இடச் சக்கரத்துக்கு ஒன்றுமாக இரண்டு மிதிகள் உண்டு. உழும்போது ஒரு பக்கத்தை மட்டும் மிதித்துச் சட்டெனத் திருப்புவதற்காக அமைந்த ஏற்பாடு அது. சாலையில் ஓடும்போது இரண்டையும் ஒரு தாழ்ப்பாளால் பிணைத்துவிட வேண்டும். அந்தத் தாழ்ப்பாள் இருக்கிறதா, விழுகிறதா என்று பாருங்கள். பல பழைய டிராக்டர்களில் அது காணாமற்போயிருக்கும், அல்லது கம்பி ஒன்றைச் சுற்றி வைத்திருப்பார்கள். பிணைப்பில்லாமல் அவசரத்தில் ஒரு மிதியில் மட்டும் கால் விழுந்தால் வண்டி அந்தப் பக்கமே திரும்பும். பின்னால் வரும் பாரம் அதை மேலும் மடக்கித் தள்ளும். தாழ்ப்பாளைப் போட்டபின், டிரெய்லர் இல்லாமல், ஆள் நடமாட்டமற்ற காய்ந்த மண்தரையில் சற்று வேகமாக ஓட்டி ஒரே மிதியாக மிதிக்கச் சொல்லுங்கள். பிறகு எல்லோரும் இறங்கித் தரையைப் பாருங்கள். இரு பின்சக்கரங்களும் இழுத்த தடங்கள் ஒரே நீளமாக இருக்க வேண்டும். வண்டி நேராக நின்றிருக்க வேண்டும். ஒரு தடம் நீண்டும் ஒரு தடம் மங்கியும் இருந்தால் அந்தப் பக்கத்துப் பிரேக் பிடிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பழைய மாதிரிகளில் பின் அச்சின் ஆயில் சீல் தேய்ந்து, எண்ணெய் கசிந்து பிரேக் தகட்டில் படிந்துவிடுவதுண்டு. சக்கரத்தின் உட்புறம் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து கருகருவென்று அப்பியிருந்தால் அதைக் கவனியுங்கள். பார்வையிடும் நாளன்று காலையில் அந்த இடம் மட்டும் புதிதாகக் கழுவித் துடைக்கப்பட்டிருந்தால் இன்னும் அதிகமாகக் கவனியுங்கள்.

அடுத்தது, பாரத்தோடு சோதனை. இதற்குத்தான் விற்பவர்கள் எளிதில் இசைவதில்லை. நமது இயக்குநர்களும் நேரமாகிறதென்று விட்டுவிடுகிறார்கள். சங்கத்தின் செலவிலேயே பாரம் ஏற்றுங்கள்; மணலோ செங்கல்லோ எதுவானாலும் சரி, சங்கம் வழக்கமாக ஏற்றப்போகும் எடைக்குச் சமமாக இருக்கட்டும். ஆட்களை யாரும் டிரெய்லரில் ஏற்றக்கூடாது. ஏற்றமும் இறக்கமும் உள்ள ஒரு மண்பாதையில் மெதுவாக ஓட்டுங்கள். இறக்கத்தில் கீழ்க்கியரில் விட்டு, இன்ஜினே பாரத்தைத் தாங்கும்படி இறக்க வேண்டும். கியர்ப் பெட்டி தேய்ந்திருந்தால், பின்னிருந்து பாரம் தள்ளும்போது கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிடும். வெறும் வண்டியாக ஓட்டுகையில் இந்தக் குறை வெளிப்படவே படாது. பாரத்தோடு இறங்கும் வண்டி கியர் கழன்று உருளத் தொடங்கினால், நாம் மேலே காட்டிய 875 கிலோவைத் தவிர வேறு துணை ஓட்டுநருக்கு இல்லை. டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கமுள்ள ஓட்டுநர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைச் சங்கப் பணியில் அமர்த்துவதைப் பற்றியும் நிர்வாகக் குழு ஆலோசிப்பது நல்லது.

சரிவின் நடுவில் நிறுத்திக் கைப்பிரேக்கைப் போட்டு, அது பாரத்தைப் பிடித்து நிற்கிறதா என்று பாருங்கள். சக்கரத்துக்கு அடியில் வைக்கக் கட்டைகளைத் தயாராக வைத்துக்கொள்வது அவசியம். அதே சரிவில் மீண்டும் கிளப்பும்போது முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்புகின்றனவா என்றும் கவனிக்க வேண்டும். டிரெய்லரை டிராக்டரின் தாழ்வான இழுவைக் கம்பியிற் பூட்ட வேண்டும். அதை விடுத்து, மேலே கலப்பை தாங்கும் இணைப்புக் கம்பியிலோ, யாரோ பின்னாளில் உயரமாக வைத்து வெல்டு செய்த ஊக்கிலோ பூட்டினால் இழுக்கும் விசை பின் அச்சுக்கு மேலாக அமைந்து, டிராக்டர் பின்புறமாகவே கவிழ்ந்துவிடக்கூடும். ஓட்டுநர் உட்கார்ந்திருக்கும் இடம் எது என்பதை நினைத்தால் அதன் முடிவு என்னவாகும் என்று நாம் எழுத வேண்டியதில்லை.

இழுவைக் கம்பியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிராக்டர் எத்தனை மணி நேரம் உழைத்தது என்பதைக் காட்டும் மீட்டரை விற்பவர்கள் பெருமையாகக் காட்டுவார்கள். அதை நாம் அதிகம் நம்புவதில்லை. பழைய மாதிரிகளில் அது இன்ஜின் சுழலும் வேகத்துக்கு ஏற்பக் கூடியும் குறைந்தும் எண்ணுவது. கம்பி அறுந்தால் நின்றுவிடுவது. மாற்றி வைப்பதும் அரிதன்று. அதைவிட உண்மை பேசுவது டிரெய்லர் பூட்டும் முளை செல்லும் துளை. வட்டமாகச் செய்த துளை முட்டை வடிவமாக நீண்டிருந்தால், முளையின் இடுப்பு தேய்ந்து மெலிந்திருந்தால், அந்த டிராக்டர் வயலில் உழுததைவிடச் சாலையில் பாரம் இழுத்ததே அதிகம். மாட்டுக்குப் பல் எப்படியோ டிராக்டருக்கு இந்தத் துளை அப்படி. கால் மிதிகளின் தேய்மானமும் இருக்கையின் நிலையும் அதற்கு ஒத்த சாட்சிகள். மீட்டர் ஒன்றைச் சொல்ல இவை வேறொன்றைச் சொன்னால், மீட்டரைத் தள்ளிவிடுங்கள்.

முன்பு என்ன வேலை செய்தது என்பது விலையை நிர்ணயிப்பதில் முக்கியம். நஞ்சையில் கேஜ்வீல் பூட்டிச் சேறடித்த டிராக்டருக்கு முன்சக்கரத்தின் பேரிங்குகளிலும் அச்சுச் சீல்களிலும் சேற்றுநீர் புகுந்திருக்கும். கிளச்சு ஓரளவு நன்றாக இருக்கலாம். செங்கற் சூளைக்கும் மணலுக்கும் ஓடிய டிராக்டருக்கு நேர்மாறாகக் கிளச்சும் பிரேக்கும் பின்டயரும் களைத்திருக்கும். கிளச்சைச் சோதிப்பது எளிது. கைப்பிரேக்கைப் போட்டு, முன்னே ஆளில்லாதபடி பார்த்துக்கொண்டு, மேற்கியரில் வைத்து, கிளச்சு மிதியை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் கிளச்சு வழுக்குகிறது என்று பொருள். ஒருமுறை செய்தாற் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல கிளச்சும் கெட்டுவிடும். டிராக்டரில் கிளச்சை மாற்றுவதென்றால் வண்டியை நடுவே இரண்டாகப் பிரித்தாக வேண்டும். அந்தச் செலவையும், பருவத்தின் நடுவில் வேலை நிற்கும் நாட்களையும் கணக்கிட்டுத்தான் விலை பேச வேண்டும்.

இன்ஜினைப் பற்றி நாம் விரிவாக எழுதவில்லை. அதைப் பார்க்கத் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். எல்லோரும் முதலில் பார்ப்பதும் அதையே. ஒன்றை மட்டும் வற்புறுத்துவோம். நீங்கள் போவதற்குமுன் இன்ஜினை ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பார்கள். போனதும் அதன்மேல் கையை வைத்துப் பாருங்கள்; சூடாக இருந்தால், ஆறிய பின் வருகிறோம் என்று கூறித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எத்தனை முறை திணறிக் கிளம்புகிறது என்பதில்தான் அதன் வயது தெரியும். கிளம்பிச் சூடான பின்னும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை இடைவிடாமல் வந்தால் டீசல் மிகுதியாகச் செல்கிறது, அல்லது காற்று போதவில்லை. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குப்புக்குப்பென்று புகை அடித்தால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன. ஆயில் மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைக் குளிர்ந்த நிலையிலேயே திறந்து, நீரின்மேல் எண்ணெய் மிதக்கிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். புதுப் பெயிண்டைப் பற்றி நாம் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அதற்கான காசும் கிரயத்தில் ஏறியிருக்கும் என்பதைத் தவிர.

டயர்களின் பொத்தானளவு எஞ்சியிருப்பதை மட்டும் பார்த்தால் போதாது. பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருக்கும். முதலிரண்டு இலக்கம் வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிப்பவை. 2315 என்றிருந்தால் 2015ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்த டயர். ஆழமாக இருந்தும் பக்கம் வெடித்துக் கிழமாகிப்போன டயர் பாரத்தைத் தாங்காது. டிரெய்லரின் டயர்களையும், அச்சையும், பட்டாக்களையும், அடிச்சட்டத்தில் வெல்டு செய்து ஒட்டிய இடங்களையும் கீழே குனிந்து பார்க்க வேண்டும். டிப்பர் வகையானால் பாரத்தோடு தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்து, தானாகத் தாழ்கிறதா என்று தூரத்தில் நின்று கவனியுங்கள். தூக்கிய பெட்டிக்குக் கீழே எவரும் தலையை நீட்டக்கூடாது.

தஸ்தாவேஜுகளின் விஷயத்துக்கு வருவோம். டிராக்டருக்கு ஒரு பதிவுச் சான்று, டிரெய்லருக்கு வேறொரு பதிவுச் சான்று. இரண்டும் இருக்க வேண்டும். டிராக்டரின் சான்றை மட்டும் காட்டி இரண்டையும் விற்றுவிடுவது சந்தையில் சர்வசாதாரணம். சான்றிலுள்ள இன்ஜின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் இரும்பில் பொறித்துள்ள எண்களோடு நீங்களே ஒத்துப் பாருங்கள். வங்கிக் கடன் அடமானக் குறிப்பு இருந்தால், கடன் தீர்ந்தது என்று விற்பவர் வாயால் சொல்வது செல்லாது. கடன் கொடுத்தவர் கையெழுத்திட்ட 35ஆம் எண் படிவம் வந்து குறிப்பு நீங்கிய பிறகே பணம் கைமாற வேண்டும். ஆந்திரம், கருநாடகம் முதலிய அயல் மாநிலங்களிலிருந்து வந்த வண்டியானால் அங்குள்ள அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. உரிமை மாற்றத்துக்கு 29, 30 எண் படிவங்கள். பதிவு பெற்றவர் இறந்திருந்தால் அவருடைய வாரிசின் பேருக்கு மாறியபின்தான் சங்கம் வாங்கலாம். விவசாய உபயோகத்துக்கெனப் பதிவான டிராக்டரைக் கூலிக்குச் சரக்கேற்ற விட்டால், விபத்து நேரும்போது காப்பீட்டுக் கம்பெனி அதையே காரணம் காட்டும். காப்பீட்டுப் பத்திரத்தில் டிரெய்லரின் எண்ணும் சேர்ந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பதிவேட்டில் எவர் பேர் இருக்கிறதோ அவரே விபத்து நஷ்டத்துக்குப் பொறுப்பாளி என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்திருக்கிறது. ஆதலால் பேர் மாற்றத்தைத் தள்ளிப்போடாமல் முடிப்பது விற்பவருக்கும் நன்மையே. இதை எடுத்துச் சொன்னால் அவரும் அலுவலகத்துக்கு உடன் வருவார்.

இவையெல்லாம் நிர்வாகக் குழுவின் வேலையன்றோ, சாதாரண அங்கத்தினர் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். பார்வையிடும் நாளையும் இடத்தையும் சங்க அறிவிப்புப் பலகையில் எழுதச் சொல்ல அங்கத்தினருக்கு உரிமை உண்டு. வண்டியை ஓட்டப்போகும் ஓட்டுநரையே சோதனைக்கு அழைத்துச் செல்லும்படி கேட்கலாம். வெளியூர் மெக்கானிக்குக்குக் கூலி கொடுத்து அழைப்பதானால் அந்தக் கூலியைச் சங்கமே கொடுக்கட்டும். விற்பவர் கொடுக்க வேண்டாம். தனியாள் ஒருவர் சொந்தப் பணத்தில் வாங்கினால் நஷ்டம் அவரோடு முடியும். சங்கம் வாங்கும்போது, கையெழுத்திடுகிறவர் ஒருவர், பணம் போட்டவர்கள் பலர், வண்டியை ஓட்டுகிறவர் மற்றொருவர். 1983ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவு, வேண்டுமென்றே செய்த அசட்டையால் சங்கத்துக்கு நஷ்டம் விளைவித்தவரிடமிருந்து தண்டத் தீர்வை வசூலிக்க இடந்தருகிறது. அந்தப் பிரிவால் பணத்தைத் திருப்பலாம்; ஓட்டுநரின் காலைத் திருப்ப இயலாது. பெயர் சொல்ல வேண்டாத ஒரு சங்கத்தில், பாலத்துச் சரிவில் பாரத்தோடு உருண்டு கால்வாயில் விழுந்த டிராக்டரின் கிரயக் கோப்பை நாம் புரட்டிப் பார்த்திருக்கிறோம். எல்லாத் தாள்களும் ஒழுங்காக இருந்தன. இழுவை நன்று என்றே அந்தச் சான்றிலும் எழுதியிருந்தது.

எனவே நமது யோசனை இதுதான். பழைய டிராக்டர் வாங்கும் எந்தத் தீர்மானத்தோடும் ஒரு சோதனைக் குறிப்பு இணைக்கப்பட வேண்டும். எந்த நாள், எந்த இடம், எவ்வளவு பாரம், எந்த வேகத்தில் எத்தனை மீட்டரில் நின்றது, சரிவில் கியர் கழன்றதா, கைப்பிரேக் பிடித்ததா, டிரெய்லரில் பிரேக் உண்டா, அது வேலை செய்கிறதா என்பவற்றை அதில் எழுதி, உடனிருந்த ஓட்டுநரும் இரண்டு அங்கத்தினரும் கையெழுத்திட வேண்டும். படிவம் ஒன்று அச்சடித்து மேலிருந்து வரட்டும் என்று காத்திராமல், ஒரு வெள்ளைத்தாளில் எழுதினாலே போதும். இந்தக் குறிப்பில்லாமல் முன்பணம் கொடுக்கக்கூடாதென்று பொதுப்பேரவையிலேயே தீர்மானித்துவிடுவது இன்னும் மேலானது. அரை நாள் வேலை கெடுகிறதே என்று இயக்குநர்கள் சலித்துக்கொள்ளலாம். மூன்று விலைப்புள்ளிகளுக்காக மூன்று ஊர்களுக்கு அலைந்த நாட்களை அவர்கள் மறந்துவிடக் கூடாது.

குறைகள் தெரிந்தால் வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பழையதென்றால் குறை இருக்கும். பிரேக் தகடு மாற்றலாம். தாழ்ப்பாள் அடித்துப் போடலாம். டிரெய்லருக்குப் பிரேக் அமைத்துத் தருகிற பட்டறைகளும் இருக்கின்றன. பட்டறையில் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை விலையிற் கழித்து, வேலை முடிந்து மறுபடியும் பாரத்தோடு சோதித்த பிறகே மீதிப் பணத்தைச் செலுத்த வேண்டும். டிரெய்லரின் பின்பலகையில் விளக்குகள் எரிகின்றனவா, சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டைகள் ஒட்டியிருக்கின்றனவா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள். இரவில் ஆலைவாசலுக்குச் செல்லும் கரும்பு டிரெய்லரைப் பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரருக்குக் காட்டுவது அந்தப் பட்டை ஒன்றே. அதன் செலவோ சொற்பம். அதையும் விற்பவர் கணக்கிலேயே எழுதிக்கொள்ளலாம்.